பிறந்த நேரம் தெரியாதோர் சாதகம்

கலியாணப் பேச்சுத் தொடங்கும் வீட்டில் முதற்கண் எழும் வினா, பிள்ளை என்ன படித்திருக்கிறது என்பதன்று. குறிப்பு இருக்கிறதா என்பதே. இருக்கிறது என்றால் தரகர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். இல்லை என்றால் அவர் முகம் சற்றே மாறும். இந்த 'இல்லை' என்னும் விடையை எம்மவர் வீடுகளில் நாம் இப்போது அடிக்கடி கேட்கிறோம். 1990 தொடக்கம் 2009 வரை ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பையில் எடுத்தனர். குறிப்புக் கொப்பி அலுமாரியிலே கிடந்தது. அலுமாரியும் பின்னர் இல்லை, வீடும் இல்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடல்கோளில் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலையோடு போனவற்றைக் கணக்கெடுத்தவர் எவரும் குறிப்புக் கொப்பிகளைக் கணக்கெடுத்ததில்லை. அக்காலத்துக் குழந்தைகள் இன்று மணப்பருவத்தினர். அவர்தம் தாய்மார் எமக்கு எழுதும் கடிதங்களிற் பலவற்றின் கருத்து ஒன்றே: "தேதி தெரியும், நேரம் தெரியாது, சாதகம் எழுதலாமா?"

சோதிடம் மெய்யோ பொய்யோ என்னும் வழக்கை நாம் இன்று எடுக்கவில்லை. அவ்வழக்கு நாம் பிறக்குமுன்னரே தொடங்கியது. நமக்குப் பின்னரும் நடக்கும். ஆயின் ஒன்று கூறலாம். சாதகம் இரு கூறுடையது. கோள்கள் நின்ற நிலையைக் காட்டும் கணிதம் ஒன்று. அந்நிலைக்கு உரைக்கும் பலன் மற்றொன்று. பலனை நம்புவோர் நம்புவர், நம்பாதோர் விடுவர். கணிதமோ நம்பிக்கைக்கு உரியதன்று, சரிபிழை பார்த்தற்கு உரியது. நேரம் தொலைந்த குறிப்புகளில் நடைபெறும் பிழைகளிற் பெரும்பாலானவை இந்தக் கணிதப் பகுதியிலேயே நடைபெறுகின்றன என்பதுதான் எமது முறைப்பாடு.

தேதி மாத்திரம் தெரிந்தால் எவ்வளவு தெரியும் என்று முதலிற் பார்ப்போம். சனி ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு செல்லும், இராகு கேதுக்களுக்கு ஒன்றரை ஆண்டு, வியாழனுக்கு ஓராண்டு, சூரியனுக்கு ஒரு மாதம். செவ்வாய் முதலிய ஏனையோரும், அன்றைக்கே இராசி மாறினாலன்றி, நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருப்பர். விரைந்து செல்பவர் சந்திரன். அவரும் ஓர் இராசியில் இரண்டேகால் நாள் தங்குகிறார். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட நேரம் எடுக்கிறார். ஆகவே நேரம் முற்றிலும் தெரியாதவர்க்கும் இராசி பெரும்பாலும் ஐயமின்றி அமையும்; நட்சத்திரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. காலையா மாலையா என்ற அளவேனும் தாய்க்கு நினைவிருந்தால், அந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.

இதிலே பலரும் கவனியாத ஓர் உண்மை உண்டு. தினம், கணம், மாகேந்திரம், திரீ தீர்க்கம், யோனி, இராசி, இராசியதிபதி, வசியம், இரச்சு, வேதை என்று நாம் எண்ணும் பத்துப் பொருத்தங்களுக்கும் அடிப்படை சந்திரன் நின்ற இடமே. அவற்றுள் ஒன்றுக்கேனும் இலக்கினம் வேண்டியதில்லை. நட்சத்திரம் உறுதியாகிவிட்டால் பத்தையும் ஐயமின்றிப் பார்க்கலாம். நேரம் இல்லையென்று பேச்சை முறிப்போர் இதனை அறிந்து முறிப்பதாகத் தோன்றவில்லை.

நேரமின்றித் தெரியாதது இலக்கினம். கீழ்வானில் எந்த இராசி எழுகின்றதோ அதுவே இலக்கினம். சராசரி 5 நாழிகைக்கு, அதாவது 2 மணித்தியாலத்துக்கு ஒன்றாக, ஒரு நாளிற் பன்னிரண்டும் எழுந்துவிடும். இலக்கினம் போனால் அதிலிருந்து எண்ணும் பன்னிரண்டு பாவங்களும் போயின. ஏழாமிடம் எது, எட்டாமிடம் எது என்று சொல்ல முடியாது. தசை இருப்பும் தளம்பும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் சென்றுவிட்டார் என்பதைக் கொண்டு பிறப்புத் தசையின் மிச்சத்தைக் கணிப்பதனால், 20 ஆண்டுச் சுக்கிர தசையிற் பிறந்தவர்க்கு ஒரு மணி நேர வேறுபாடு ஏறத்தாழ பத்து மாதமாகிவிடும். 6 ஆண்டுச் சூரிய தசையாயின் மூன்று மாதம். "அடுத்த ஆண்டு ஆவணியில் நல்லது நடக்கும்" என்று மாதம் குறித்துச் சொல்பவர், நேரம் தெரியாத குறிப்பை வைத்துக்கொண்டு சொல்வாராயின், அவரது துணிவை மெச்சலாம், வேறொன்றும் மெச்சுதற்கில்லை.

நேரம் அறிந்தவர் என்போரும் எவ்வளவு அறிவர்? பிறந்த கணம் எது என்பதிலேயே பழைய சாத்திரிமாருள் உடன்பாடில்லை. தலை தோன்றிய கணம் என்பார் சிலர், உடல் நிலத்தைத் தொட்ட கணம் என்பார் சிலர், கொப்பூழ்க்கொடி அறுத்த கணம் என்பாரும் முதல் அழுகை என்பாரும் உளர். மருத்துவிச்சி வெளியே வந்து சொல்ல, பாட்டனார் உள்ளே எட்டிப் பார்த்த மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடியதா பிந்தி ஓடியதா என்பதை அவரே அறிவார். எனவே அறிந்தார்க்கும் அறியார்க்கும் உள்ள வேறுபாடு நாம் நினைப்பதினும் சிறிது.

இனி, தொலைந்த நேரத்தைத் தேடும் வழி. முதலிற் செல்ல வேண்டிய இடம் சாத்திரியார் வீடன்று. வைத்தியசாலையிற் பிறந்த பிள்ளையாயின் பிரசவ விடுதிக் குறிப்பில் நேரம் எழுதுவது வழக்கம். தாயிடம் அன்று கொடுத்த துண்டு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவோர் பலர். அதிலே தேதியும் இடமும் உண்டு, நேரம் இல்லை. ஒன்றுமில்லையாயின் எஞ்சுவது தாயின் நினைவு. அந்நினைவு மணிக்கணக்கில் இராது. பால்காரன் வந்த நேரம், மாடு பட்டிக்குத் திரும்பிய நேரம், யாழ்தேவி கூவிச் சென்ற நேரம், கோயிலிற் சாயரட்சை மணி அடித்த நேரம் என்றே இருக்கும். நல்லூர்ச் சூழலிற் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அக்கோயிலிற் பூசை நேரம் தவறுவதில்லை என்பது ஊரறிந்தது.

இத்தகைய நினைவைக் கொண்டு இலக்கினம் காண்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். சூரியன் உதிக்கும்போது சூரியன் நின்ற இராசியே இலக்கினம். சித்திரையில் அது மேடம், வைகாசியில் இடபம், இப்படியே. நண்பகலில் அதிலிருந்து நான்காம் இராசியும், மறையும்போது ஏழாம் இராசியும், நள்ளிரவிற் பத்தாம் இராசியும் ஏறத்தாழ எழும். ஆனி நடுப்பகுதியில், விளக்கு வைத்து அரை மணிக்குள் பிறந்தது என்று தாய் சொன்னால், மிதுனத்துக்கு ஏழாகிய தனுவே இலக்கினம் என்று துணியலாம். அதே சொல்லை ஆனி 28இற் பிறந்த பிள்ளைக்குச் சொன்னால் துணிய முடியாது. தனுவின் கடைக்கூறு எழுந்துகொண்டிருக்கும், கால் மணியில் மகரம் வந்துவிடும். ஆகவே, நினைவு எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதை மாதத்தின் நாளே தீர்மானிக்கிறது. சில தாய்மாருக்கு "மாலை" என்ற ஒரு சொல்லே போதும். சிலருக்கு மணிக்கூடே போதாது.

கிழமை பற்றியும் ஓர் எச்சரிக்கை. பஞ்சாங்க வழக்கில் நாள் சூரியோதயத்திலே தொடங்கும். ஆங்கிலத் தேதி நள்ளிரவிலே மாறும். "வெள்ளிக்கிழமை விடியப்புறம்" என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் வெள்ளி விடிவதற்கு முன்னரைச் சொல்கிறாரா, வெள்ளி இரவு கழிந்து சனி விடிவதற்கு முன்னரைச் சொல்கிறாரா என்று கேட்டே எழுத வேண்டும். இதிலே ஒரு நாள் பிசகினால் நட்சத்திரமே மாறிப்போம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திர முடிவிற் சில நாழிகை வேறுபடுவதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. இரு வீட்டாரும் ஒரே பஞ்சாங்கத்தைக் கொண்டு எழுதுவித்தல் நன்று. எது சரி என்ற வாதம் இங்கே எமக்கு வேண்டா.

இனிச் சொல்லப்போவது நேரம் தெரியாதவர்க்கு மாத்திரமன்றி, நேரம் தெரியும் என்று நிம்மதியாக இருப்பவர்க்கும் உரியது. இலங்கையின் மணிக்கூடு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே 25இல் அது ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே இழுக்கப்பட்டது. மிச்ச அரை மணி 2006 ஏப்பிரல் 15 வரை அப்படியே நின்றது. ஆகையால் இப்பத்தாண்டுக் காலத்திற் கொழும்பிலோ கண்டியிலோ பிறந்த பிள்ளையின் நேரத்திலிருந்து அரை மணியைக் கழித்தே பழைய கணக்குக்கு வரவேண்டும். 1996இன் அந்த ஐந்து மாதத்துப் பிள்ளைக்கு ஒரு மணி. அரை மணி என்பது இலக்கினத்தில் ஏழரைப் பாகை, ஓர் இராசியின் காற்பங்கு. கழிக்க மறந்தால் நான்கு சாதகத்தில் ஒன்றுக்கு இலக்கினமே பிழையாகும். இரண்டாம் உலகப் போரின்போதும் இவ்வாறே 1942 சனவரியிலிருந்து அரை மணியும், அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து 1945 ஒக்டோபர் நடுப்பகுதி வரை ஒரு மணியும் முந்தி ஓடிற்று.

சிக்கல் இதனோடு முடியவில்லை. 1996இன் மாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே வழங்கிற்று. 2000ஆம் ஆண்டில் ஒரே கணத்தில் யாழ்ப்பாணத்திற் பிறந்த குழந்தைக்கும் கிளிநொச்சியிற் பிறந்த குழந்தைக்கும் மணிக்கூடு காட்டிய நேரம் வேறு. இப்போது பலரும் சாதகத்தைக் கணினியிற் போட்டு எடுக்கின்றனர். எக்காலத்துக்கும் ஐந்தரை மணி என்றே கணக்குப் பண்ணும் நிரல் கொழும்புப் பிள்ளைக்குப் பிழை எழுதும்; 1996இன் மாற்றத்தை அறிந்த நிரலோ நாடு முழுவதற்கும் அதனைப் பிரயோகித்து வன்னிப் பிள்ளைக்குப் பிழை எழுதும். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்கக் கணினிக்கு வாய் இல்லை. கேட்க வேண்டியவர் முன்னால் இருப்பவரே. சூரியோதயம் தொடங்கி இத்தனை நாழிகை என்று எழுதிய பழைய ஏட்டுக் குறிப்புக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் கிடையாது. சூரியனை முன்னே தள்ள எந்த அரசாங்கத்தாலும் இயலவில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதை இங்கே பொருந்தும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி செம்மணி வழியே நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. சற்று முன்னதாகப் புறப்பட்டிருந்த ஒரு தாய், மறுநாள் விடியுமுன், சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூட விறாந்தை ஒன்றில் ஒரு பெண் மகவை ஈன்றார். சந்திரன் மகரத்தில், திருவோண நட்சத்திரம், இதில் ஐயமில்லை. சூரியன் துலாத்திற் பதின்மூன்று பாகையளவில். ஆதலால் ஏறத்தாழ 5 மணிக்கு முன் பிறந்திருந்தால் கன்னி இலக்கினம், பின் பிறந்திருந்தாற் துலா இலக்கினம். செவ்வாய் அன்று விருச்சிகத்தில் நின்றது. கன்னிக்கு அது மூன்றாமிடம், குற்றமில்லை. துலாத்துக்கு இரண்டாமிடம், இலக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் நின்றாற் செவ்வாய்க் குற்றம் என்பது எம்மவர் வழக்கு. ஒரு சேவல் கூவி மறு சேவல் கூவும் இடைவெளியில் ஒரு பெண்ணின் வாழ்வு இரண்டு வழியாகப் பிரிகிறது.

அப்பெண்ணுக்குக் குறிப்பு எழுதப்பட்டது, ஒன்றல்ல, இரண்டு. குற்றமற்ற மாப்பிள்ளை ஒருவர் வந்தபோது தரகர் எங்கோ எழுதுவித்த குறிப்பில் நேரம் 4 மணி 52 நிமிடம் என்றிருந்தது. செவ்வாய்க் குற்றமுள்ள மாப்பிள்ளை வந்தபோது வேறோரிடத்தில் எழுதுவித்ததில் 5 மணி 20 நிமிடம் என்றிருந்தது. நிமிடம் வரை எழுதிய அந்தத் துல்லியத்தைக் கவனியுங்கள். அன்றிரவு அந்த விறாந்தையில் மணிக்கூடு கட்டிய கை ஒன்றேனும் இருந்ததாக எவரும் சொல்லவில்லை. இரண்டு குறிப்பும் பின்னர் ஒரே வீட்டின் மேசையிற் சந்தித்தன. பேச்சு முறிந்தது. தரகருக்கு ஒன்றுமில்லை, அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். பொய்க்காரர் என்ற பெயர் பெண் வீட்டாருக்கு வந்தது. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம் என்ற பழமொழியைச் சொன்னவர், அந்தப் பொய் வெளிப்பட்டால் யார் தலையில் விடியும் என்று சொல்லாமற் போனார்.

பின்னர் அக்குடும்பம் முதிய சாத்திரியார் ஒருவரிடம் சென்றது. அவர் பஞ்சாங்கத்தை விரிக்குமுன் தாயிடம் கேட்டார்: "பிள்ளை, கொடி அறுக்கேக்க விளக்கு வேண்டியிருந்ததோ?"

"ஓம் ஐயா, அரிக்கன் லாம்பு பிடிச்சவை. பிள்ளையைத் துடைச்சு என்ர கையில தரேக்க மேல ஓடு தெரிஞ்சது. மழையும் விட்டிட்டுது."

ஓடு தெரியும் வெளிச்சம் அந்த மாதத்தில் ஐந்தரைக்கு மேலேதான் வரும். பிறந்து கைக்கு வரக் கால் மணியும் சென்றிருக்கலாம், முக்கால் மணியும் சென்றிருக்கலாம். சாத்திரியார் நெடுநேரம் யோசித்தார். நட்சத்திரத்தையும் இராசியையும் கோள் நின்ற நிலைகளையும் எழுதினார். இலக்கினம் எழுத வேண்டிய கட்டத்தில் "கன்னி அல்லது துலாம், நேரம் அறியப்படவில்லை" என்று எழுதி ஒப்பமிட்டார். சந்திரனிலிருந்து எண்ணினாற் செவ்வாய் பதினொன்றில் நிற்பதையும், விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடாதலால் துலா இலக்கினமாயினும் குற்றமில்லை என்று கழிப்பார் உளர் என்பதையும் கீழே குறித்தார். அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு பொய்க்குறிப்புக்கும் அவசியமே இருக்கவில்லை. இந்தக் கடதாசியை ஒரு வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டனர். மற்றொரு வீட்டார் வாங்கி வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தத்தையும் பார்த்து, பெண்ணைப் பார்க்க நாட் கேட்டிருக்கின்றனர்.

நடந்த சம்பவங்களைக் கொண்டு நேரத்தைப் பின்னோக்கிக் கணிக்கும் முறை ஒன்றும் உண்டு. தந்தை இறந்த ஆண்டு, உடன்பிறந்தார் தொகை, விபத்து, வெளிநாட்டுப் பயணம் என்று கேட்டு, இவையெல்லாம் பொருந்தும் இலக்கினத்தைத் தேடுவர். பொறுமையோடு செய்வோர் செய்யட்டும். கணிதம் கற்பிக்கும் எமது நண்பர் ஒருவர் அதற்குச் சொல்லும் சோதனை எமக்குப் பிடித்தமானது: ஐந்து சம்பவம் தெரிந்தால் நான்கை மாத்திரம் சாத்திரியாரிடம் சொல்லுங்கள், அவர் நேரத்தைக் கண்டுபிடித்த பின், ஐந்தாவது எப்போது நடந்தது என்று அவரையே கேளுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததோடு பொருத்துதல் எவர்க்கும் கைவரும்.

சாதகமே இல்லாதார்க்கு முன்னோர் வழி வகுத்திராமல் இல்லை. வராகமிகிரர் தமது பிருகத் சாதகத்தில், தொலைந்த சாதகத்தைக் கேள்வி கேட்ட வேளையைக் கொண்டு மீட்பதற்கென ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் குறிப்பைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவர்கள் இருந்தனர் போலும். மலையாள நாட்டிற் பிரசன்னம் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. கேள்வி பிறந்த நேரத்துக்குக் கட்டம் போட்டு அக்கேள்விக்கு விடை கூறுவது அது. இந்தப் பேச்சு நிறைவேறுமா என்று கேட்பார் அங்கே செல்லலாம். அதை வாங்கி வந்து பிறப்புச் சாதகம் என்று பெயரிடுதல் தகாது. பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நட்சத்திரம் சொல்லும் வழக்கமும் உண்டு. பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் முறைப்படி பெயர் வைத்த வீடுகளுக்கு அது ஒரு சாட்சியாகலாம். சினிமாப் பார்த்துப் பெயர் வைத்தவர்க்கு அது என்ன சொல்லும்?

பிள்ளை பிறக்கவிருக்கும் வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள். நேரத்தைப் பார்ப்பவர் எந்த மணிக்கூட்டிற் பார்த்தார், எந்த ஊரில், எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் ஆண்டுக்கு இருமுறை மணிக்கூட்டை மாற்றி வந்திருக்கின்றனர். அங்கிருந்து தொலைபேசியிற் பேரப்பிள்ளையின் நேரத்தைக் கேட்டு எழுதும் பாட்டனார், கோடை நேரமா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்டுவிடுவாராக. எழுதிய தாளைப் படம் பிடித்து இரண்டு உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அலுமாரிக்குள் மாத்திரம் வையாதீர்கள்.